மகள் வயிற்றுப் பேரன் ஏறிய அரியணை



உக்கிரபாண்டியன் எழுப்பிய கோயில் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் சங்கரன்கோவிலில் நின்று ஒரு சோழனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதுவும் எந்தச் சோழன்? பாண்டியர் ஐவரைப் புறங்காட்டி ஓடச் செய்தேன், பொதியமலையையும் முத்துக் குளிக்கும் கடற்கரையையும் கைக்கொண்டேன் என்று மெய்க்கீர்த்தியில் பொறித்துவைத்த முதற் குலோத்துங்கன். பொறுத்தருள வேண்டும். உரிமையில் ஐயம் உள்ள ஒருவன் அரியணை ஏறி, ஏறக்குறைய ஐம்பது ஆண்டு அதில் அசையாமல் இருந்தது எப்படி என்பதற்குத் தமிழ்நாட்டில் இவனைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் உறவுமுறை. முதலாம் இராசராசன் தன் மகள் குந்தவையை வேங்கி நாட்டுச் சாளுக்கியன் விமலாதித்தனுக்குக் கொடுத்தான். அவர்கள் மகன் இராசராச நரேந்திரன், முதலாம் இராசேந்திரனின் மகள் அம்மங்கதேவியை மணந்தான். அவர்களுக்குப் பிறந்தவன்தான் நம் குலோத்துங்கன். இவனும் தாய்மாமன் இரண்டாம் இராசேந்திரனின் மகள் மதுராந்தகியையே கட்டிக்கொண்டான். இரத்தக் கணக்கில் முக்கால் பங்கு சோழன். தந்தைவழி பார்த்தால் சாளுக்கியன். வீட்டுச் சொத்திலேயே மகள் வயிற்றுப் பேரனுக்குப் பங்கு உண்டா என்று பஞ்சாயத்து நடக்கும் நாடு இது. நாட்டையே கேட்டால் சும்மா விடுவார்களா?

1070இல் வீரராசேந்திரன் இறந்தான். இளவரசனாக முடிசூடியிருந்த அவன் மகன் அதிராசேந்திரனுக்கு அரசு வந்தது. ஆனால் நாட்டில் கலகம். வீரராசேந்திரனின் மருமகனான மேலைச் சாளுக்கிய இளவரசன் விக்கிரமாதித்தன் படையோடு காஞ்சிக்கு வந்து, கங்கைகொண்ட சோழபுரம் சென்று, மைத்துனனை அரியணையில் அமர்த்தி, ஒரு மாதம் தங்கித் திரும்பினான். அவன் துங்கபத்திரைக் கரை சேர்ந்து சில நாளுக்குள், மீண்டும் மூண்ட கலகத்தில் அதிராசேந்திரன் மாண்டான், வேங்கியின் இராசிகன் அரசைப் பற்றிக்கொண்டான் என்று செய்தி வந்தது. இதைச் சொல்பவர் விக்கிரமாதித்தனின் அவைப் புலவர் பில்கணர். அவர் சொல்லும் இராசிகன் குலோத்துங்கனே. கல்வெட்டு நாள்குறிப்புகளிலிருந்து ஆய்வாளர் கணித்த அவனது ஆட்சித் தொடக்கம் 1070 ஜூன் 9.

கொன்றானா? பகைவன் அவையில் இருந்த பில்கணருக்கு அப்படிப் பழி சுமத்த எல்லாக் காரணமும் இருந்தது, அவரே சுமத்தவில்லை. அதிராசேந்திரன் நோயால் இறந்தான் என்று கொள்ளும் ஆய்வாளரும் உண்டு. ஆகவே கொலைக்குற்றத்திலிருந்து நான் இவனை விடுவிக்கிறேன். ஆனால் கலிங்கத்துப்பரணியைப் படிக்கும்போது ஓர் உறுத்தல் வருகிறது. வீரராசேந்திரன் மறைந்தான், வேள்வி நின்றது, கோயில் கதவு அடைபட்டது, நாடு சீர்குலைந்தது, அபயனாகிய குலோத்துங்கன் வந்து காத்தான் என்று செயங்கொண்டார் பாடிக்கொண்டே போகிறார். இடையில் ஒருவன் அரசனாக இருந்ததை ஒரு சொல்லாலும் காட்டவில்லை. தெரியாமல் விட்டிருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

இதே தலைமுறையில் இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கள். 1100 ஆகஸ்ட் 2 அன்று வேட்டைக்குப் போன மன்னன் இரண்டாம் வில்லியம் அம்பு பாய்ந்து இறந்தான். மூத்த அண்ணன் ராபர்ட் சிலுவைப் போர் முடிந்து ஊர் திரும்பும் வழியில் இருந்தான். தம்பி ஹென்றி நேரே வின்செஸ்டருக்குக் குதிரையைத் தட்டி, கருவூலத்தைக் கைப்பற்றி, மூன்றாம் நாள் முடிசூடினான். அண்ணன் ஆட்சிக் காலத்து முறைகேடான வசூல்களை நிறுத்துவதாகச் சாசனம் எழுதிக் கொடுத்தான். பழைய ஆங்கில அரச வம்சத்தின் வழிவந்த மட்டில்டாவை அதே நவம்பரில் மணந்தான். எல்லாம் நூறு நாள் வேலை.

குலோத்துங்கன் அவசரப்படவில்லை. எனக்கு அவனிடம் பிடித்தது அதுதான். தொடக்க ஆண்டுக் கல்வெட்டுகளில் அவன் இராசகேசரி இராசேந்திர சோழன். தாய்வழிப் பாட்டனின் பெயர். குலோத்துங்கன் என்ற பெயர் நான்கைந்து ஆண்டு கழித்தே நிலைபெறுகிறது. மெய்க்கீர்த்தியும் அரியணையைப் பறித்ததாகப் பேசாது. பொன்னி நாட்டு நிலமகள் துணையின்றித் தனித்திருந்தாள், அவளை ஏற்றுக்கொண்டான் என்று நயமாகச் சொல்லும். வேங்கியில் தனக்கு வரவேண்டிய அரசைப் பிடித்துவைத்திருந்த சிற்றப்பன் விசயாதித்தனை அவன் சாகும்வரை இருக்கவிட்டான். அதன்பின் தன் மக்களை ஒருவர்பின் ஒருவராக அங்கே ஆள அனுப்பினான்.

ஈழத்தில் முதலாம் விசயபாகு பொலன்னறுவையைச் சோழரிடமிருந்து மீட்டதும் இதே 1070இல்தான். பாட்டன்மார் வென்ற நாடு. அதை மீட்கப் பெரும்படை எடுக்காமல் விட்டான். மானக்கேடு என்று அவையில் முணுமுணுத்திருப்பார்கள். வடக்கே விக்கிரமாதித்தன் காத்திருக்க, தெற்கே கடல் கடந்து படையை முடக்குவது தற்கொலை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. கைவிட வேண்டியதைக் காலத்தில் கைவிட்டதே அவன் அரியணையைக் காத்தது என்பது என் துணிபு.

நம் பக்கம் வந்தபோது மட்டும் கை இறுக்கம். சோழபாண்டியர் என்று இளவரசரை மதுரையில் அமர்த்திய பழைய ஏற்பாட்டை அவன் புதுப்பிக்கவில்லை. கோட்டாறு முதலிய இடங்களில் நிலைப்படை நிறுத்தினான். ஊர் நிருவாகம் உள்ளூரார் கையில், பெருவழி படையின் கையில். கல்லிடைக்குறிச்சியில் பிறந்த நீலகண்ட சாஸ்திரி இதையெல்லாம் சோழர் வரலாற்றில் விரிவாக எழுதியிருக்கிறார்.

குடிகளிடம் அவன் வாங்கிய பெயர் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’. தறியும் பூச்சந்தையும் உள்ள இந்த ஊரில் சுங்கம் போனால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. சரக்கு நடமாடியது. 1077இல் சோழநாட்டுத் தூதுக்குழு ஒன்று 72 பேருடன் சீனம் சென்றது. விட்ட வரியை எங்கே ஈடுகட்டினான்? 1086இல், ஆட்சியின் 16ஆம் ஆண்டில், நிலத்தை அளந்தான். அதே 1086இல்தான், ஹேஸ்டிங்ஸ் போரில் இங்கிலாந்தைப் பிடித்த முதலாம் வில்லியம் அந்த நாட்டின் நிலத்தையும் மாட்டையும் கணக்கெடுத்து ‘டூம்ஸ்டே’ ஏட்டில் பதியச் செய்தான். ஒருவரையொருவர் கேள்விப்பட்டிராத இருவர். புதிதாக வந்தவனுக்குப் பிறப்புரிமையைவிட நிலக்கணக்கு உறுதியான பிடி என்பது இருவருக்கும் விளங்கியிருக்கிறது.

அரியணை உறுதிப்பட்டதா என்பதற்கு அடுத்த வாரிசே சோதனை. ஹென்றி 1135இல் இறந்ததும் மகள் மட்டில்டாவுக்கும் சகோதரி மகன் ஸ்டீபனுக்கும் சண்டை மூண்டு, இங்கிலாந்து இருபது ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக உள்நாட்டுப் போரில் கிடந்தது. குலோத்துங்கன் 1118இலேயே வேங்கியில் இருந்த மகன் விக்கிரமசோழனை அழைத்து இளவரசுப் பட்டம் கட்டினான். தந்தைக்குப் பின் அவன் எதிர்ப்பின்றி அரசனானான். அவன் கிளம்பிவந்த வேங்கியை விக்கிரமாதித்தன் பிடித்துக்கொண்டான்.