எண்ணிப் பழகும் மூச்சு

பௌத்தத் தியானம் ஒழுக்கத்தில் தொடங்குகிறது. கொலை, களவு, தகாத உறவு, பொய், மது ஆகிய ஐந்தையும் விலக்குவது சீலம். சீலம் நிலைத்தபின் மனத்தை ஒருமுகப்படுத்துவது சமாதி. ஒருமுகப்பட்ட மனம் உள்ளதை உள்ளபடி காண்பது பஞ்ஞை. சீலம், சமாதி, பஞ்ஞை: இந்த வரிசை மாறக் கூடாது. கைப்பேசிச் செயலியில் பத்து நிமிடம் மணியோசை கேட்பதையே தியானம் என்று விற்கும் இன்றைய மோஸ்தர், முதற்படியையும் மூன்றாம் படியையும் வெட்டி எறிந்துவிடுகிறது. மிஞ்சுவது ஓய்வு மட்டுமே.

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்துக்கு இந்த மரபு பழக்கமானது. 1878இல் தோன்றிய பர்மியக் கோயில் தாய் ஜின் சாலைக்கு மாறும்வரை கிந்தா சாலையில்தான் இருந்தது. ரேஸ் கோர்ஸ் சாலையில், குவான் யின் வழிபாடு நடக்கும் லியோங் சான் சீ கோயிலுக்கு எதிரே, ஆயிர விளக்குக் கோயில் இருக்கிறது. தாய்லாந்துத் துறவி ஒருவர் 1927இல் நிறுவியது. 15 மீட்டர் உயரப் புத்தரைக் கும்பிட்டுவிட்டுப் பலர் திரும்பிவிடுகிறார்கள். சிலையின் பின்புறம் சிறு அறையில் பள்ளிகொண்ட புத்தர் இருக்கிறார். அது புத்தர் உயிர்நீத்த பரிநிர்வாணக் கோலம். பிறந்தது அழியும் என்ற அநிச்சக் கொள்கையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் அக்கோயிலில் வேறில்லை.

துக்கம், அதற்குக் காரணமான வேட்கை, வேட்கையின் அழிவு, அழிவுக்கு இட்டுச்செல்லும் எண்வழிப் பாதை ஆகிய நான்கு வாய்மைகளும் நேயர்கள் அறிந்தவை. அறிய வேண்டியது பயிற்சி முறை. அதைப் படிப்படியாக எழுதிவைத்தவர் ஐந்தாம் நூற்றாண்டின் புத்தகோசர். இலங்கை அனுராதபுரத்தில் பாலி மொழியில் விசுத்திமக்கம் என்னும் நூலை இயற்றிய அவர், காஞ்சிபுரத்திலும் வாழ்ந்தவர் என்பது அவருடைய உரைநூல் ஒன்றின் இறுதிப் பகுதியிலிருந்து தெரிகிறது.

அந்நூல் விளக்கும் நாற்பது தியானப் பொருள்களில் மூச்சும் ஒன்று. தொடங்குபவர் மூச்சை எண்ண வேண்டும். எண்ணிக்கை ஐந்துக்குக் குறையக் கூடாது. பத்தைத் தாண்டக் கூடாது. ஐந்துக்குக் குறைந்தால், நெருக்கமான பட்டியில் அடைத்த மாடுகளைப் போல மனம் முட்டி மோதும். பத்தைத் தாண்டினால் மனம் மூச்சை விட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளும். மறுபடியும் சொன்னால்: ஐந்துக்குக் குறையாமல், பத்தைத் தாண்டாமல்.

முதலில் நெல் அளப்பவரைப் போல நிதானமாக எண்ண வேண்டும். அவர் மரக்காலை நிரப்பி, "ஒன்று" என்று சொல்லிக் கொட்டுகிறார். குப்பை தென்பட்டால் எடுத்தெறியும்போதும் "ஒன்று, ஒன்று" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். மூச்சு தெளிவாகப் புலப்பட்டதும் இடையரைப் போல விரைவாக எண்ண வேண்டும். காலையில் தொழுவ வாசலில் உட்கார்ந்து, வெளியேறும் ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு கூழாங்கல் போட்டு எண்ணுகிறார் அவர். மாடு வாசலுக்கு வரும்போதுதான் எண்ணுகிறார். உள்ளே தேடிப் போவதில்லை. அதுபோல, மூச்சு மூக்கு நுனியிலோ மேலுதட்டிலோ படும் இடத்தில் மட்டும் கவனம் நிற்க வேண்டும். எண்ணாமலே கவனம் அங்கு நிலைக்கும்போது எண்ணிக்கையைக் கைவிடலாம்.

வயிற்றின் ஏற்ற இறக்கத்தைக் கவனிக்கும் மகாசி சயாடோ முறையும், உடலுணர்ச்சிகளைக் கவனிக்கும் கோயங்கா முறையும் உலகெங்கும் பரவியுள்ளன. ஆனாலும் தமிழருக்கு முதலில் சொல்லித்தரத் தக்கது, காஞ்சியில் வாழ்ந்த புத்தகோசர் எழுதிவைத்த இந்த மூச்செண்ணிக்கைதான்.