உழவாரமும் படிக்காசும்



காடாம்புலியூரில் நின்று தலைமையைப் பற்றிப் பேசப் புகுந்தவன் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. வடக்கே பண்ணுருட்டியை அடுத்துத் திருவதிகை. அதற்கு அணித்தாகத் திருவாமூர். கிழக்கே கடலூரில் திருப்பாதிரிப்புலியூர். தெற்கே வடலூரைக் கடந்து சென்றால் தில்லை. பலாவும் முந்திரியும் நிழல் செய்யும் இந்த மண்ணைச் சுற்றித்தான் திருநாவுக்கரசு நாயனாருடைய வாழ்வின் பெருந்திருப்பங்கள் நிகழ்ந்தன.

திருவிழா நடத்தும் பெரியவர்கள் பல ஊர்களிலும் என்னிடம் கேட்கும் வினா ஒன்றுண்டு. தலைவனாக இருப்பவன் மேற்பார்வை பார்க்க வேண்டுமா, இறங்கி வேலை செய்ய வேண்டுமா என்பதே அது. சிலர் பந்தலில் நாற்காலியிட்டு அமர்ந்து ஏவுகின்றனர். சிலர் விடியற்காலை முதல் மடைப்பள்ளியில் காய் நறுக்குகின்றனர். அந்நேரத்தில் உக்கிராண அறையிலிருந்து எத்தனை மூட்டை அரிசி வெளியே போயிற்று என்று கேட்க ஆளில்லை. முன்னவரை ஊர் ஏசும், பின்னவரை ஊர் புகழும். ஆனால் பந்தியின் கடைசி வரிசையில் அமர்ந்த ஏழைக்கு இலையில் சோறு விழாமற் போவது இருவரிடத்தும் ஒன்றுதான். அந்தக் கடைசி இலையை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

நாவுக்கரசர் தலைமையை அறியாதவரல்லர். மருணீக்கியாராகப் பிறந்து, சமண சமயத்தில் தருமசேனர் என்னும் பெயரோடு பாடலிபுத்திரத்துப் பள்ளியில் தலைமை பெற்றவர். அந்தப் பாடலிபுத்திரந்தான் நம் திருப்பாதிரிப்புலியூர். சூலைநோயால் வருந்தி இரவோடிரவாகத் தமக்கையாரைத் தேடித் திருவதிகை வந்தார். திலகவதியார் ஐந்தெழுத்தோதித் திருநீறு அளித்தார். பின்பு அலகும் சாணமும் நீர்க்குடமும் கையிலேந்தித் திருப்பள்ளியெழுச்சிப் பொழுதில் திருக்கோயிலுக்குப் புறப்பட்டவர், தம்பியையும் உடன் அழைத்துச் சென்றார். நேற்றுவரை பிறரை ஏவிய தலைவர், அன்று விளக்குமாறு தாங்கிய ஒருவர் பின்னே நடந்து இறைவன் திருமுன் சேர்ந்தார். அவர் கையில் உழவாரம் வந்த வரலாற்றுக்குத் தொடக்கம் அந்த நடைதான் என்பது என் துணிபு.

உழவாரம் என்பது புல் செதுக்கும் கருவி. அதைக் கொண்டு அவர் செய்தது திருவீதியிலும் திருமுற்றத்திலும் முளைத்த புல்லைக் களைதல். ஒரு தலத்தில் புல் செதுக்கினார் என்பதற்காக அக்கோயிலின் சாவியை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. பூசகருக்குப் பூசை சொல்லிக் கொடுக்கவும் இல்லை. தம் கைக்குரிய பணியைச் செய்தார், பாடினார், அடுத்த தலத்துக்கு நடந்தார். கையால் வேலை செய்யும் தலைவர்கள் பலர் இந்த இடத்தில்தான் தவறுகின்றனர். ஒரு வேலையில் கை வைத்தவுடன் எல்லா வேலையும் தம்முடையது என்று எண்ணிவிடுகின்றனர்.

இனித் திருவீழிமிழலைக்கு வாருங்கள். நாவுக்கரசரும் திருஞானசம்பந்தரும் அங்கே தங்கியிருந்தபோது மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. இருவர் கனவிலும் இறைவன் தோன்றி, அடியார்கள் பொருட்டு நாள்தோறும் படிக்காசு தருவதாக அருளினான். கிழக்குப் பீடத்தில் சம்பந்தருக்கு ஒன்று, மேற்குப் பீடத்தில் அரசருக்கு ஒன்று. இரண்டு திருமடங்களிலும் அடியார்க்கு அமுது நடந்தது. நாளடைவில் ஒரு வேறுபாடு தோன்றியது. அரசர் மடத்தில் அமுது உரிய பொழுதில் ஆயிற்று. பிள்ளையார் மடத்தில் பொழுது தாழ்ந்தது.

சம்பந்தர் சமையற்காரரைச் சினந்துகொள்ளவில்லை, காரணம் கேட்டார். அவர்கள் உள்ளதைச் சொன்னார்கள்: கடைத்தெருவில் நம் காசுக்கு வாசி கேட்கிறார்கள், அரசருடைய காசை அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள், அதனால் பண்டம் வந்துசேரப் பொழுதாகிறது என்று. வாசி என்பது இக்காலத்தில் நாம் வட்டம் என்று சொல்லுகிறோமே, அந்தக் கழிவு. பெரியபுராணத்தைப் பாடிய சேக்கிழார் பெருமான் சோழனிடம் அமைச்சராக இருந்தவர் என்பது இவ்விடத்தில் நன்றாகத் தெரிகிறது. காசு எப்படிச் செலாவணியாகும், சோறு எதனால் தாமதிக்கும் என்பதை ஆட்சி நடத்தியவர் அறிவார். அரசர் கைத்தொண்டு புரிகின்றவராதலின் அவர் காசு வாசியற்றது என்று பிள்ளையார் உணர்ந்தார். மறுநாள் இறைவனைப் பாடி வாசியற்ற காசு பெற்றார். இரு மடத்திலும் ஒரே பொழுதில் இலை போடப்பட்டது.

அடியார்களே, இவ்வரலாற்றைக் கைத்தொண்டின் பெருமை என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அது போதவில்லை. சம்பந்தர் உழவாரம் எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று இறைவனும் கட்டளையிடவில்லை. அவர் செய்தது மேற்பார்வை. ஆனால் அது எத்தகைய மேற்பார்வை! பக்கத்து மடத்தோடு ஒப்புநோக்கிக் குறையைக் கண்டார், வேலை செய்பவனை வினவினார், அவன் சொல்லை நம்பினார், தம்மால்மட்டும் ஆகக்கூடியதைத் தாமே செய்தார். சமையற்காரன் கடைக்குப் போகலாம். இறைவனிடம் சென்று காசை மாற்றித் தரும்படி கேட்க அவனால் இயலுமா?

இதற்கு மறுதலை மதுரையில் நடந்தது. வையை பெருகியபோது பாண்டியன் குடிக்கு ஒரு பங்காகக் கரையை அளந்து கொடுக்கச் செய்தான். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக் கிழவிக்கு ஆளில்லை என்பது அளவுகயிற்றுக்குத் தெரியாது. உதிர்ந்த பிட்டுக்குக் கூலியாளாய் வந்த சோமசுந்தரக்கடவுள் மண் சுமந்தார், ஆடினார், உறங்கினார்; கரை அடைபடவில்லை. அரசன் நேரில் வந்தான், வந்தது நன்றே. ஆனால் சினம் முந்திக்கொண்டது, விசாரணை பின்தங்கியது. அவன் ஓங்கிய பிரம்படி அவன் முதுகிலும் விழுந்தது. கரைக்கு வந்தும் கரையைப் பாராதவன் நிலை அது.

அண்மைக் காலத்துக்கு வந்தால் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலரைச் சொல்ல வேண்டும். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மறு ஆண்டு அச்சியந்திரம் வாங்குவதற்காகத் தம் மாணாக்கர் சதாசிவப்பிள்ளையோடு கடல் கடந்து தாமே புறப்பட்டு வந்தார். வழியில் திருவாவடுதுறை ஆதீனத்தில் நாவலர் பட்டம் பெற்றது அந்தப் பயணத்தில்தான். 1864இல் நம் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை கண்டார். கடலுக்கு இருபுறமும் பள்ளிகள். இரண்டிலும் நாள்தோறும் நின்று பாடஞ்சொல்ல ஒருவரால் ஆகாது. அதை ஆசிரியரிடம் விட்டார். ஆனால் பிள்ளைகள் படிக்கும் பாலபாடத்தை எழுதுவதையும், பதிப்பிக்கும் நூலைப் பிழையறப் பரிசோதிப்பதையும் தம் கையிலேயே வைத்துக்கொண்டார். ஒரு பிள்ளையின் காதில் தவறான சொல் விழுந்தால் ஆசிரியர் நாளைக்குத் திருத்தலாம். அச்சில் ஏறிய பிழை ஆயிரம் வீட்டுக்குப் போய்விடும். எதை விடலாம், எதை விடலாகாது என்பதை அவர் அப்படிப் பகுத்துக்கொண்டார் என்று நான் கருதுகிறேன். 1879இல் அவர் சிவபதம் அடைந்த பின்னும் நூல்கள் அச்சாகி வந்தன. சிதம்பரத்தில் அவர் பெயரால் பள்ளி இன்றும் விளங்குகிறது.

பொழுது ஆகிவிட்டது, பிள்ளைகள் தூங்கி விழுகிறார்கள். நாளை மகேசுவர பூசை என்று விழாக்குழுவினர் சொன்னார்கள். கடைத்தெருவுக்கு யார் போகிறார், பண்டம் எந்நேரத்துக்கு வந்து சேரும், சென்ற ஆண்டு ஏன் தாமதித்தது என்று இன்றிரவே மடைப்பள்ளியாரை அழைத்துக் கேளுங்கள். கேட்டான பிறகு காய் நறுக்க உட்காருங்கள். எனக்கும் ஓர் அரிவாள்மணை எடுத்து வையுங்கள், விடியுமுன் வந்துவிடுகிறேன்.