அயர்லாந்தின் மாட்டுப் பண்ணைகளும் அரசு மானியமும்



வெள்ளி விழா மேடையில் மாட்டிறைச்சித் தொழிலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இச்சொல்லை அவையில் உச்சரிக்கவே கூசுவோர் நம் நாட்டில் உண்டு. நம் பாட்டன்மார் உண்ட உணவின் பெயரைச் சொல்ல நமக்குக் கூச்சம் வேண்டியதில்லை. அயர்லாந்து என்னும் சிறு நாட்டில் விளையும் மாட்டிறைச்சியில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு வெளிநாடுகளுக்குச் செல்கிறது. அத்தொழிலை இயற்கை முறைக்கு மாற்ற முனையும் உழவனுக்கு அந்நாட்டு அரசு கைகொடுக்கும் விதம் நாம் அறிய வேண்டியது.

ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் இயற்றி, 2022 சனவரி முதல் நடைமுறைப்படுத்திய விதிகள் கடுமையானவை. மேய்ச்சல் நிலத்தில் செயற்கைத் தழைச்சத்து உரம் இடலாகாது. அதற்கு ஈடாகக் காற்றிலுள்ள தழைச்சத்தை வேரில் சேர்க்கும் குளோவர் என்னும் செடியைப் புல்லோடு கலந்து விதைக்கின்றனர். நோய் வருமுன்பே ஆன்டிபயாட்டிக் மருந்தை வழக்கமாகக் கொடுத்து வைத்தல் கூடாது. நோயுற்ற மாட்டுக்குக் கொடுக்கலாம். ஆனால் அதன்பின் இறைச்சிக்கு அனுப்பக் காத்திருக்க வேண்டிய காலம் இரு மடங்காகும். குளிர்காலக் கொட்டிலில் பாதித் தரையேனும் இடைவெளியின்றி இருத்தல் வேண்டும். மாடு படுக்க வைக்கோல் பரப்ப வேண்டும். அங்குள்ள கொட்டில்களோ பெரும்பாலும் சாணம் கீழே விழும்படி சந்து விட்டுக் கான்கிரீட் சட்டங்கள் பரப்பியவை. அவற்றை மாற்றிக் கட்டப் பணம் வேண்டும்.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. நிலம் இயற்கை நிலமென்று சான்று பெற இரண்டு ஆண்டுகள் ஆகும். அவ்விரண்டு ஆண்டுகளும் உழவன் புதிய விதிப்படி நடக்க வேண்டும். மாட்டுக்குக் கிடைப்பதோ பழைய விலையே. கையிருப்பு இல்லாதவன் இந்தப் பள்ளத்தைத் தாண்ட இயலாது. அரசு தாங்க வேண்டிய இடம் இதுதான்.

2023 முதல் 2027 வரை நடக்கும் திட்டத்துக்கு அயர்லாந்து 25 கோடியே 60 இலட்சம் யூரோ ஒதுக்கியது. இறைச்சி மாடு வளர்ப்போருக்கு மாற்றக் காலத்தில் எக்டேருக்கு ஆண்டுதோறும் 300 யூரோ. அதன்பின் 250 யூரோ. பரப்பு எதுவாயினும் பண்ணைக்கு முதலாண்டில் 2,000 யூரோவும், பின்னர் ஆண்டுக்கு 1,400 யூரோவும் தனியே உண்டு. 20 எக்டேர், அதாவது ஏறத்தாழ 50 ஏக்கர் உடையவனுக்கு முதலாண்டில் 8,000 யூரோ வரும். 70 எக்டேருக்கு மேற்பட்ட நிலத்துக்கு விகிதம் மிகக் குறைவு. பெருநிலக்காரரே முழுவதையும் அள்ளிச் செல்லாதபடி வைத்த இந்த வரம்பை நான் மெச்சுகிறேன். திட்டத்தில் சேர்வோர் 25 மணி நேரப் பயிற்சியும் பெற வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ 2,000 ஆக இருந்த இயற்கை உழவர் தொகை 2024-இல் ஏறத்தாழ 5,000 ஆயிற்று. எனினும் குறையும் உண்டு. சான்று பெற்ற பண்ணையில் பிறந்த கன்றுகளை வாங்கி, அதே முறையில் வளர்த்துக் கொழுக்க வைப்போர் போதவில்லை. ஆதலால் பல கன்றுகள் சாதாரணச் சந்தையில் சாதாரண விலைக்கே போகின்றன. உற்பத்திக்கு மானியம் தந்த வேகத்தில் சந்தை வளரவில்லை.

இளைஞர்களே, எக்டேர் கணக்கில் தரும் பணம் நிலம் உடையவனுக்கே சேரும். அயர்லாந்தின் சிற்றுழவனுக்கு அது சேர்வதற்கும் ஒரு வரலாறு உண்டு. குடியிருந்த வீட்டிலிருந்து விரட்டப்பட்ட குத்தகைக் குடும்பத்தின் மகனான மைக்கேல் டேவிட் முதலியோர் 1879-இல் நிலச் சங்கம் கண்டு போராடினர். 1903-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக் கடனால் குத்தகையாளரையே நிலவுடைமையாளராக்கியது; அக்கடனை அறுபத்தெட்டரை ஆண்டுகளில் அடைக்கலாம் என்றது.

அதற்குப் பதினோராண்டு முன்னரே, 1892-இல், செங்கற்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர் அறிக்கையின் பேரில் சென்னை மாகாண அரசு நமக்குப் பஞ்சமி நிலம் வழங்க ஆணையிட்டது. பிறருக்கு விற்கலாகாது என்ற நிபந்தனை இருந்தும் அந்நிலங்களில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போயிற்று. நம் நாட்டில் 2015-இல் இயற்கை வேளாண்மைக்கென மத்திய அரசு தொடங்கிய திட்டமும் எக்டேர் கணக்கிலேயே உதவுகிறது. மேய்ச்சல் புறம்போக்கை நம்பி இரண்டு மாடு வளர்க்கும் நிலமற்ற குடும்பத்தின் பெயரை அக்கணக்கில் எந்தப் பத்தியில் எழுதுவது?