சலவை யந்திரமும் உழைக்கும் கையும்

(தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் நடந்த கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



போன மாதக் கூட்டம் முடிந்து ஜமக்காளத்தைச் சுருட்டிக் கொண்டிருந்த நேரத்தில், மில்லில் வேலை செய்யும் ஒரு தோழியர் நம்மிடம் வந்து ஒரு கேள்வி கேட்டார். "ஏன் தோழர், மில்லுல புது மெஷின் வந்தா ஆளைக் கொறைப்பாங்கன்னு பேசறீங்க. வீட்ல துணி தொவைக்க மெஷின் வந்தா அதுவும் கெடுதல்தானா? எங்க இடுப்பு நோவு தீராதா?" என்றார். நேரமாகிவிட்டது என்று சொல்லி, அரைகுறையாக ஏதோ பதில் கூறிவிட்டு நாம் நழுவிவிட்டோம். வழியெல்லாம் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. ஆகவே, கரண்டு வருவதற்கு முன்னால் கையால் சுற்றிய சலவை யந்திரங்கள் எப்படி வந்தன, எப்படித் திருந்தின என்பதைப் படித்துப் பார்த்தோம். படித்ததை இன்று உங்கள் முன் வைக்கிறோம். பதிலும் அதிலேயே இருக்கிறது.

துணி துவைப்பதை ஒரே வேலை என்று நினைப்பவர் துணி துவைத்தறியாதவர். ஊற வைக்க வேண்டும், சோப்புப் போட வேண்டும், கசக்க வேண்டும், அடிக்க வேண்டும், அலச வேண்டும், பிழிய வேண்டும், உலர்த்த வேண்டும். இவை அத்தனையும் தனித்தனி வேலைகள். ஒவ்வொன்றும் உடம்பில் ஒவ்வோர் இடத்தைப் பிடிக்கிறது. கசக்கினால் விரல் தோல் உரியும். குனிந்து அடித்தால் இடுப்பு விடும். பிழிந்தால் மணிக்கட்டு வலிக்கும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு யந்திரத்தின் கதையைக் கேளுங்கள்.

கையைப் பார்த்துச் செய்த யந்திரம்

நாம் துணியைக் கல்லில் அடிக்கிறோம். இங்கிலாந்தில் மரத்தொட்டியில் வெந்நீர் ஊற்றி, துணியைப் போட்டு, ஒரு கழியால் கிண்டினார்கள். அந்தக் கழியின் அடியில் முக்காலிக்கு இருப்பதுபோல் கால்கள் இருக்கும். அதற்கு டாலி என்று பெயர். உரலில் உலக்கை போடுவதும், அதையே பாதி சுற்றித் திருப்புவதும் சேர்ந்தால் எப்படி இருக்குமோ அப்படிப்பட்ட வேலை. முதலில் யந்திரம் செய்தவர்கள் புதிதாக எதையும் கற்பனை செய்துவிடவில்லை. சலவைக்காரியின் கை என்ன செய்கிறது என்று பார்த்து, அதையே மரத்தால் செய்ய முயன்றார்கள்.

1752-இல் லண்டன் பத்திரிகை ஒன்று சலவை யந்திரத்தின் படத்தை வெளியிட்டது. 1760-களில் ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரில் ஷேஃபர் என்ற பாதிரியார் ஒரு யந்திரத்தின் அமைப்பை விளக்கிப் புத்தகமே போட்டார். 1782-இல் ஹென்றி சிட்ஜியர் என்பவர் இங்கிலாந்தில் ஒரு யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். மரக் கம்பிகளால் ஆன ஒரு கூண்டு. அதற்குள் துணி. கைப்பிடியைச் சுற்றினால் கூண்டு தொட்டிக்குள் சுழலும்.

பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே பக்கமாகச் சுழற்றிக் கொண்டே இருந்தால் என்ன ஆகும்? துணியெல்லாம் ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டு மூட்டையாகிவிடும். தண்ணீரும் துணியோடு சேர்ந்தே சுற்றும். அப்புறம் அழுக்கு எப்படிப் போகும்? தண்ணீர் துணிக்குள் புகுந்து வெளியே வர வேண்டும். துணி தண்ணீரை எதிர்த்து அசைய வேண்டும். இந்த உண்மை பிடிபட வெகுகாலம் ஆயிற்று.

1833-இல் அமெரிக்காவில் ஸ்டீபன் ரஸ்ட் என்பவர் வரி வரியாக மடிப்பு வைத்த தகடு பதித்த தேய்ப்புப் பலகைக்குக் காப்புரிமை பெற்றார். 1851-இல் ஜேம்ஸ் கிங் உருளைப் பீப்பாய் போன்ற யந்திரத்துக்குப் பெற்றார். 1858-இல் ஹாமில்டன் ஸ்மித் சுழலும் யந்திரம் ஒன்றுக்குப் பெற்றார். 1870-களின் நடுவில் அமெரிக்காவில் மட்டும் சலவைச் சாதனங்களுக்குச் சுமார் 2,000 காப்புரிமைகள் தரப்பட்டிருந்தன. ஒரே சங்கடத்தை எத்தனை பேர் எத்தனை விதமாகத் தீர்க்கப் பார்த்தார்கள், பாருங்கள்!

1874-இல் இண்டியானா மாநிலத்தில் பிளஃப்டன் என்ற சிற்றூரில் வில்லியம் பிளாக்ஸ்டன் என்பவர் தம் மனைவிக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு யந்திரம் செய்தார் என்று சொல்வார்கள். மரத்தொட்டிக்குள் ஒரு வட்டப் பலகை. அதில் ஆறு முளைகள். மேலே கைப்பிடியும் பல்சக்கரங்களும். கைப்பிடியைச் சுற்றினால் முளைகள் துணியைப் பிடித்து, சோப்புத் தண்ணீருக்குள் இப்படியும் அப்படியும் அலைக்கும். நாம் முன்பு சொன்ன டாலிதான் இது. கையிலிருந்த கழி தொட்டி மூடிக்குப் போய்விட்டது.

இந்த வகை யந்திரங்களில் முக்கியமான திருத்தம் பல்சக்கரங்களில் இருக்கிறது. மில் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கை ஒரே பக்கமாகச் சுற்றிக் கொண்டிருந்தாலும், உள்ளே இருக்கும் பலகை கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வரும்படி சக்கரங்களைக் கோத்தார்கள். மூட்டை கட்டும் தொல்லை குறைந்தது. பிறகு சில யந்திரங்களில் கனமான பிளைவீலை மாட்டினார்கள். ஒருமுறை வேகம் பிடித்துவிட்டால் சக்கரமே பாதி பாரத்தை இழுத்துக் கொள்ளும். சிலவற்றில் திரும்பி வரும் வேலைக்குச் சுருள்வில் வைத்தார்கள். தேய்மானம் குறைய உருண்டை பேரிங் போட்டார்கள். இன்னொரு வகையில் தொட்டியையே தொட்டில் போல ஆட்டினார்கள். குனிந்து செய்த வேலை நின்று செய்யும் வேலையாயிற்று. கை வெந்நீரிலிருந்து வெளியே வந்தது. இது சிறிய லாபம் அல்ல, தோழர்களே!

பிழியும் வேலை

ஈரக் கம்பளியைப் பிழிந்தவருக்குத் தெரியும், சலவையில் கொடுமையான பகுதி அதுதான். 1843-இல் கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கைச் சேர்ந்த ஜான் டர்ன்புல், பிழியும் உருளைகளோடு கூடிய சலவை யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டு உருளை. நடுவே துணி. கைப்பிடியைச் சுற்றினால் தண்ணீர் வழிந்து துணி தட்டையாக வெளியே வரும். கரும்பாலையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

மர உருளைகள் பொத்தானை உடைத்தன. சார்லஸ் குட்இயர் 1839-இல் ரப்பரைக் கந்தகத்தோடு சூடேற்றிப் பதப்படுத்தும் முறையைக் கண்டுபிடித்த பிறகு ரப்பர் போர்த்திய உருளைகள் வந்தன. ரப்பர் பொத்தானுக்கு வளைந்து கொடுத்தது. பின்னால் 20-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கா வாங்கிய ரப்பரில் பெரும்பங்கு மலாயா போன்ற நாடுகளின் தோட்டங்களிலிருந்து போயிற்று. மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டிய கைகளில் பல நம் தமிழர் கைகள் என்பதையும் இங்கே நினைத்துக் கொள்வோம்.

உருளைக்கு வாய் உண்டு என்பது மில் தொழிலாளிக்குத் தெரியும். துணியைப் பிடிக்கும் வாய் விரலையும் பிடிக்கும். கையால் சுற்றும்போது அலறினால் நிறுத்தலாம். மோட்டார் வந்தபின் அது நிற்கவில்லை. எத்தனையோ பெண்களும் குழந்தைகளும் கையை நசுக்கிக் கொண்டார்கள். தட்டினால் உருளைகள் விலகும் விடுவிப்புக் கட்டையும் அந்த அனுபவத்திலிருந்து வந்த திருத்தந்தான்.

இதே பிழியும் யந்திரத்தைப் பற்றி இன்னொரு செய்தி. வாஷிங்டன் நகரில் எல்லன் எக்லின் என்ற கறுப்பினப் பெண் இருந்தார். வீட்டு வேலை செய்து பிழைத்தவர். பிழியும் யந்திரத்துக்கு அவரே ஒரு திருத்தம் கண்டுபிடித்தார். 1888-இல் அதன் உரிமையை ஒரு தரகருக்கு 18 டாலருக்கு விற்றுவிட்டார். ஏன் விற்றீர்கள் என்று கேட்டபோது அவர் சொன்ன காரணம் 1890-இல் ஒரு பெண்கள் பத்திரிகையில் வந்திருக்கிறது. கறுப்பினப் பெண் கண்டுபிடித்தது என்று தெரிந்தால் வெள்ளைக்காரச் சீமாட்டிகள் அதை வாங்க மாட்டார்களாம். துணியை அவள் துவைத்துத் தரலாம். அவள் பெயர் மட்டும் யந்திரத்தில் இருக்கக் கூடாது! சாதி பார்த்துத் தம்ளர் வைக்கும் ஊரில் பிறந்த நமக்கு இது புரியாத கதை அல்ல.

தண்ணீரை யார் சுமந்தது?

இவ்வளவு திருத்தமும் வந்ததே, அமெரிக்கக் கிராமத்துப் பெண்ணுக்குச் சலவை நாள் இலகுவாயிற்றா? இல்லை. ஏனென்றால், யந்திரம் தொட்டிக்குள் நடக்கும் வேலையைத்தான் எடுத்துக் கொண்டது. தொட்டிக்கு வெளியே இருந்த வேலை அப்படியே நின்றது.

ஒருமுறை துவைத்து, ஒருமுறை கொதிக்க வைத்து, ஒருமுறை அலச ஏறக்குறைய 190 லிட்டர் தண்ணீர் பிடித்தது. அதைக் கிணற்றிலிருந்து யார் கொண்டு வந்தது? விறகு வெட்டிக் காய்ச்சியது யார்? அழுக்குத் தண்ணீரை மொண்டு கொட்டியது யார்? 1886-இல் வட கரோலினாவில் விவசாயிகள் சங்க ஊழியர் ஒருவர் கணக்குப் போட்டார். அங்கே ஒரு குடும்பப் பெண் வீட்டுக்குத் தண்ணீர் சுமந்து ஆண்டுக்கு 148 மைல் நடக்கிறாள், 36 டன் தண்ணீர் தூக்குகிறாள் என்று கண்டார். நாளொன்றுக்குச் சுமார் 90 கிலோ ஆகிறது. எந்தப் பல்சக்கரம் அந்தப் பாரத்தை இறக்கும்? குழாய் வந்தால்தான் இறங்கும். குழாய் என்பது ஒரு வீட்டுக்காரர் கடையில் வாங்கும் பொருள் அல்ல. ஊர் கூடிக் கேட்டுப் பெற வேண்டியது.

அட்லாண்டா, 1881

வசதியுள்ள வீடுகள் கைப்பிடியைக்கூடத் தாங்கள் சுற்றவில்லை. கூலிக்குத் துவைக்க ஆள் வைத்தார்கள். தென் மாநிலமான ஜார்ஜியாவின் அட்லாண்டா நகரில் இந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். அடிமைமுறை ஒழிந்து 16 ஆண்டுகளே ஆகியிருந்தன. மாதம் 4 டாலர் முதல் 8 டாலர் வரை வருமானம்.

1881 ஜூலையில் 20 பெண்கள் கூடிச் சங்கம் அமைத்தார்கள். 12 பவுண்டு துணிக்கு 1 டாலர் வேண்டும் என்று கோரிக்கை வைத்து வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். மூன்றே வாரத்தில் 20 பேர் 3,000 பேரானார்கள்! போலீஸ் கைது செய்தது. அபராதம் விதித்தார்கள். சலவைக்காரி ஒவ்வொருத்தியும் ஆண்டுக்கு 25 டாலர் லைசென்ஸ் கட்ட வேண்டும் என்று நகரசபையில் தீர்மானம் வந்தது. அவர்களது மூன்று மாத வருமானத்துக்கும் மேல்! அதே சமயத்தில் பெரிய வியாபாரிகள் நீராவிச் சலவைச்சாலை வைக்கிறோம், எங்களுக்கு வரி விலக்குக் கொடுங்கள் என்று கேட்டார்கள்.

பெண்கள் அஞ்சவில்லை. லைசென்ஸ் கட்டவும் தயார், ஆனால் கூலியை நாங்களே தீர்மானிப்போம் என்று மேயருக்குக் கடிதம் எழுதினார்கள். கடைசியில் நகரசபை அந்த லைசென்ஸ் யோசனையைக் கைவிட்டது.

கவனியுங்கள், தோழர்களே. இடுப்பு நோவைக் குறைக்கப் பிறந்த யந்திரத்தை, அட்லாண்டாவில் இடுப்பை ஒடிக்கும் தடியாக ஓங்கினார்கள். யந்திரம் மாறவில்லை. அது யார் கையில் இருக்கிறது என்பது மாறிற்று.

கேள்விக்குப் பதில்

மோட்டார் பூட்டிய சலவை யந்திரம் 1908 வாக்கில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. ஆனால் 1930-களின் தொடக்கத்தில்கூட அந்நாட்டுப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றில்தான் கரண்டு இருந்தது. லாபம் இல்லை என்று கம்பெனிகள் கிராமத்துக்குக் கம்பி இழுக்கவில்லை. 1935-இல் சர்க்கார் தனி நிர்வாகம் அமைத்துக் கடன் கொடுத்தது. விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் வைத்துக் கம்பி இழுத்தார்கள். அதுவரை கைப்பிடியைச் சுற்றியது பெண்ணின் கைதான்.

ஆகவே, கேள்வி கேட்ட தோழியருக்கு நமது பதில் இது: யந்திரம் கெடுதல் அல்ல. இடுப்பு நோவு தீர வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. ஆனால் யந்திரம் தனியாக அதைத் தீர்க்காது. இன்று சலவை யந்திரம் தவணைக்குக் கிடைக்கிறது. இந்தக் குடியிருப்பிலேயே ஒரு வீட்டில் வாங்கி வைத்திருக்கிறார்கள். குழாயில் தண்ணீர் வராததால் அதன்மேல் துணி மடித்து வைத்திருக்கிறார்கள்! முதலில் தண்ணீர் வேண்டும். வரிசை வரிசையாகக் குழாயும், நின்று துவைக்க மேடையும், கழிவுநீர் போகக் கால்வாயும் வேண்டும். இதைச் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் சம்பளத்துக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும். கடைசி வரியில் அல்ல.

ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மைப் போன்ற முழுநேர ஊழியர்களையும் சேர்த்தே சொல்கிறோம். மேடையில் ஏறி எட்டு மணி நேர வேலை பற்றி முழங்குகிறோம். மேடை ஏறும்போது உடுத்திய வெள்ளை வேட்டியை யார் துவைத்தார்கள் என்று எண்ணிப் பார்த்ததில்லை. அவர்களுக்கு எத்தனை மணி நேர வேலை என்று கேட்டதும் இல்லை. இந்தக் குற்றம் நம்மிடம் இருக்கிறது. யந்திரம் செய்தவர்கள் முதலில் என்ன செய்தார்கள்? சலவைக்காரியின் கையை உற்றுப் பார்த்தார்கள். நாம் அதையாவது செய்யலாம். பார்த்தபின் சும்மா உட்கார்ந்திருக்க மனம் வராது.

வரும் ஞாயிறு காலை குழாயடியில் வாளியோடு சந்திப்போம். துணியைத் துவைத்துக் கொண்டே கோரிக்கை மனுவையும் எழுதி முடிப்போம்.