பள்ளிக்கூடத்தைத் திறந்தார்கள், பந்தியைத் திறந்தார்களா?

(வீரகேரளம்புதூரில் கல்லூரி மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஊத்துமலை ஜமீனின் அரண்மனை இருந்த ஊர் இது. அந்த அரண்மனையில் புலவர்களுக்கு இடம் இருந்தது. நம் பாட்டன் பூட்டனுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் இருந்ததா? அவர்களின் பேரப்பிள்ளைகள் நீங்கள் இன்று சுரண்டைக்கும் பாளையங்கோட்டைக்கும் பஸ் ஏறிப் படிக்கப் போகிறீர்கள். நடுவில் நடந்ததை ‘மிஷனரிகள் வந்தார்கள், கல்வி தந்தார்கள்’ என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறோம். அது பாதி உண்மை. மீதியைப் பேசுவோம்.

தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் பொறையாரில், பேராயர் மாணிக்கம் பெயரில் ஒரு லூத்தரன் கலைக் கல்லூரி இருக்கிறது. சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். மறு ஆண்டே பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி தொடங்கியது. ஆனால் ஓர் இந்தியர் அங்கே பேராயராக 250 ஆண்டுகள் ஆயின. 1956இல் அப்படிப் பேராயரானவர்தான் மாணிக்கம்.

இது வெள்ளையருக்கும் இந்தியருக்கும் நடுவே இருந்த கதவு. இந்தியருக்குள்ளேயே இருந்த கதவு என்ன ஆனது?

இராஜநாயக்கன் என்பவரைத் தெரிந்துகொள்ளுங்கள். பறையர் சமூகத்தில் பிறந்து, தஞ்சை மன்னரின் படையில் இருந்து, பிறகு லூத்தரன் சபையின் உபதேசியார் ஆனவர். 1733இல் ஆரோனுக்குக் குருப்பட்டம் கிடைத்தது. அவர் வேளாளர். அடுத்து இராஜநாயக்கனின் பெயரும் பேசப்பட்டது. அவர் உழைப்பில் யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் கையால் நற்கருணை வாங்க மற்ற சாதிக் கிறித்தவர்கள் ஒப்பமாட்டார்கள் என்று ஒதுக்கிவிட்டார்கள். 1741இல் பட்டம் தியோகு என்பவருக்குப் போனது.

காலம் அப்படி என்பார்கள். அதே ஜெர்மன் லூத்தரன் மரபில் வந்த ரேனியஸ், 1820களில் நம் பாளையங்கோட்டையில் மாணவர்கள் சாதி பார்க்காமல் ஒன்றாக உண்ண வேண்டும் என்று நின்றார். ஆனால் பின்னால் வந்த லைப்சிக் மிஷன், சாதி வெறும் சமூக வழக்கம்தான் என்று சொல்லி இடம் கொடுத்தது. ஆக, குற்றம் காலத்தின் மேல் இல்லை. இரண்டு வழிகள் இருந்தன. ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இன்றைக்கு வருவோம். சுரண்டை அரசுக் கல்லூரியில் 69 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 15(5) பிரிவு தனியார் கல்லூரிகளிலும் இடஒதுக்கீட்டுக்கு வழி செய்கிறது. ஆனால் சிறுபான்மையினர் கல்லூரிகளுக்கு விலக்கு அளிக்கிறது. லூத்தரனோ, கத்தோலிக்கமோ, வேறு எந்தச் சபையோ, சிறுபான்மைக் கல்லூரி என்றால் எல்லாவற்றுக்கும் இதுதான். இன்னொரு பக்கம், 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி தலித் ஒருவர் கிறித்தவரானால் பட்டியல் சாதித் தகுதி போய்விடும். தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் நிற்கிறார். சேரித் தெருவில் வீடு மட்டும் மாறுவதில்லை. அரசும் கைவிட்டு, சபையும் கைவிட்டால் அந்தப் பிள்ளை எங்கே போகும்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். சிறுபான்மையினரின் கல்வி உரிமையைப் பறிக்க நினைக்கும் கூட்டத்தோடு நமக்கு உறவில்லை. அந்த உரிமைக்காக நாமும் தெருவில் நிற்போம். ஆனால் அது சிறுபான்மை மக்கள் எல்லோருக்கும் கொடுத்த உரிமை. அவர்களுக்குள் இருக்கும் ஆதிக்க சாதிக்கு எழுதிக் கொடுத்த பட்டா அல்ல. இடஒதுக்கீடு தரச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. தாமாகத் தருவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

சேர்க்கைக்கு எந்தக் கல்லூரி வாசலில் நின்றாலும் மூன்று கேள்வி கேளுங்கள். எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் வகுப்பில்? எத்தனை பேர் ஆசிரியர் அறையில்? எத்தனை பேர் நிர்வாகக் குழுவில்? முதல் கேள்விக்குப் பதில் எளிதாகக் கிடைக்கும். மூன்றாவதற்கும் பதில் கிடைக்கும் நாளில்தான் இராஜநாயக்கனுக்கு நியாயம் கிடைத்தது என்று சொல்ல முடியும்.

ஜெய் பீம்.