தன்னைப் பார்த்துச் சிரிக்கலாம். தன்னைத் தாழ்த்திச் சிரிக்கலாமா?

(கும்மிடிப்பூண்டியில் ஆலைத் தொழிலாளர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் சிரிப்பைப்பற்றியதாகும். சிரிப்புக்கு ஒரு கூட்டமா என்று சிலர் கேட்கலாம். அழுகைக்கு ஆயிரம் புராணங்கள் இருக்கும்போது, சிரிப்புக்கு ஒரு சாயங்காலத்தைச் செலவிடுவதால் ஒன்றும் நஷ்டமில்லை என்பது என் அபிப்பிராயம்.

இப்போது பட்டணங்களில் ஒருவகை நாடகம் நடக்கிறது. வேஷமில்லை, திரையில்லை, ராஜாவுமில்லை, மந்திரியுமில்லை. ஒருவர் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு மணி, இரண்டு மணி நேரம் நின்று பேசுகிறார். பேசுவதெல்லாம் தாம் பிறந்த வீடு, படித்த பள்ளி, வாங்கிய அடி, பட்ட அவமானம் ஆகியவைகளே. ஜனங்கள் காசு கொடுத்துச் சிரிக்கிறார்கள். 2019இல் அலெக்சாண்டர் பாபு என்னும் தமிழர், சினிமாப் பாட்டுகளையும் தம் சொந்தக் கதையையும் கலந்து நடத்திய ‘அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்’ அமேசான் பிரைமில் வெளிவந்தது. உங்களில் பலர் இம்மாதிரியானவைகளை விடுதி அறையில் படுத்துக்கொண்டே செல்போனில் பார்க்கிறீர்கள்.

“வீட்டுச் சங்கதியைத் தெருவில் போட்டுச் சிரிக்க வைப்பது மானக்கேடல்லவா?” என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. அதைத்தான் நாம் ஆராய வேண்டும்.

ஒருவர் மேடையில் நின்று கதை சொல்வது நமக்குப் புதிதல்ல. காலட்சேபம் என்பது வேறென்ன? பாகவதர் நின்றுகொண்டு பாடுவார், பேசுவார், அழுவார், சிரிக்கவும் வைப்பார். ஆனால் யாருடைய கதை? ராமன் கதை, கிருஷ்ணன் கதை, நெருப்பில் புகுந்து சிதம்பரம் கண்ட நந்தன் கதை. கேட்டுக்கொண்டிருப்பவனுடைய கதை எந்தக் காலட்சேபத்திலாவது வந்ததுண்டா? நம் திருவள்ளூர்ப் பக்கத்துத் தெருக்கூத்திலே கட்டியங்காரன் ஒருவன்தான் பாரதக் கதைக்கு நடுவே ஊர்ச் சங்கதியையும் இழுத்துவிட்டுச் சிரிக்க வைப்பான். அவனும் மறுநிமிஷம் ராஜாவுக்குக் கட்டியம் கூறப் போய்விட வேண்டியதுதான்.

இதைத் திருப்பிப் போட்டவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். 1949இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ படத்திலே ‘கிந்தனார்’ காலட்சேபம் செய்தார். அதே பாகவதர் கோலம், அதே மெட்டு. ஆனால் நந்தன் போனது சிதம்பரத்துக்கு. கிந்தன் போனது ரயிலேறிச் சென்னைக்கு. நந்தன் நெருப்பில் புகுந்தான்; கிந்தன் படிப்பில் புகுந்தான்.

அதற்குமுன் அவர் தம் சொந்த வாழ்க்கையிலேயே ஒன்று செய்தார். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944இல் கைதாகி, 1945இல் ஆயுள் தண்டனை பெற்று, லண்டன் பிரிவி கவுன்சில் வரையில் வழக்குப் போய், 1947இல் விடுதலையானார். ஜெயிலுக்குப் போனவன் என்றால் தலை குனிய வேண்டும் என்பது ஊர் வழக்கம். அவர் என்ன செய்தார்? அதே ஆண்டில் வெளிவந்த ‘பைத்தியக்காரன்’ படத்திலே, ஜெயிலுக்குப் போய் வந்தவர்களைப்பற்றியே வேடிக்கையாகப் பாடினார். பிறர் முதுகுக்குப்பின் பேசிச் சிரிக்கவிருந்ததை அவரே முன்னால் எடுத்து வைத்துவிட்டார். பிறகு எவன் அவரை வெட்கப்படுத்த முடியும்? மறைத்து வைத்த அவமானம் எஜமானன் கையிலுள்ள சாட்டை. சொல்லிவிட்ட அவமானம் நம் கைக்கு வந்துவிட்ட சாட்டை.

ஆனால், தோழர்களே! இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். தன்னைப்பற்றிச் சிரிக்க வைப்பதெல்லாம் மானமாகிவிடாது. பண்ணையார் வீட்டுத் திண்ணைக்கு எதிரே நின்று, “நான் மடையனுங்க, எனக்கென்ன தெரியும்” என்று இளித்துப் படி நெல் வாங்கிப் போனவனும் தன்னைப்பற்றித்தான் சிரிக்க வைத்தான். அது கலையல்ல, கூலிக்குச் செய்த கும்பிடு.

ஆஸ்திரேலியாவில் ஹானா காட்ஸ்பி என்பவர் இருக்கிறார். பிறந்த ஊர் டாஸ்மேனியா. ஆணும் ஆணும் கூடுவது அங்கே 1997 வரை குற்றமாக இருந்தது. பெண்ணை விரும்பும் பெண்ணாக அங்கே வளர்ந்த அவர், பல ஆண்டுகள் தம்மையே கேலி செய்து பிழைத்தவர். பஸ் நிறுத்தத்தில் ஒருவன் இவரை ஆண் என்று நினைத்துத் தன் காதலியிடம் வம்பு செய்வதாகச் சண்டைக்கு வந்து, பெண் என்று தெரிந்ததும் அசடு வழிந்து போனான் என்று சொல்வார். கூட்டம் சிரிக்கும். 2018இல் வெளிவந்த ‘நானெட்’ என்ற நிகழ்ச்சியிலே மீதிக் கதையையும் சொன்னார். போனவன் திரும்பி வந்து அவரை அடித்து நொறுக்கினான். யாரும் தடுக்கவில்லை. அவரும் போலீசுக்கும் போகவில்லை, ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. தமக்கு அவ்வளவுதான் மதிப்பு என்று எண்ணியிருந்தாராம். சிரிப்புக்காகப் பாதியில் நிறுத்திய கதையில் பாதி உண்மை புதைந்து கிடந்தது. ஏற்கெனவே தாழ்த்தப்பட்டவர் தம்மைத் தாமே தாழ்த்திக்கொள்வது அடக்கமாகாது, அவமானமே ஆகும் என்று மேடையிலேயே அறிவித்தார்.

அமெரிக்காவில் ரிச்சர்டு ப்ரையர் என்ற கறுப்பர் ஒருவர் இருந்தார். பாட்டி நடத்திய விபசார விடுதியில் வளர்ந்து, அந்த வாழ்க்கையையே மேடையில் சொல்லி உலகப் புகழ் பெற்றவர். கறுப்பரை வெள்ளையர் இழிவாக அழைக்கும் சொல்லை, 1974இல் தம் இசைத்தட்டின் பெயரிலேயே வைத்தவர். 1979இல் ஆப்பிரிக்காவிலுள்ள கென்யாவுக்குப் போனார். எங்கு பார்த்தாலும் கறுப்பு மக்கள். அங்கே அந்தச் சொல்லுக்குரிய மனிதன் ஒருவனைக்கூட அவரால் காண முடியவில்லை. இனி அச்சொல்லைச் சொல்வதில்லை என்று முடிவு செய்து, 1982இல் வந்த நிகழ்ச்சிப் படத்தில் அதையும் ஜனங்களிடம் சொன்னார். சிரிக்க வைக்கும் தொழிலைச் செய்துகொண்டே சுயமரியாதையை அடைந்த மனிதர் அவர்.

சரி, நம் ஊருக்கு வருவோம். அரவிந்த் எஸ்.ஏ. என்னும் சென்னைக்காரர் ‘மதராஸி டா’ என்று ஒரு நிகழ்ச்சி நடத்தினார், 2017இல் வெளிவந்தது. தமிழனோ, தெலுங்கனோ, மலையாளியோ, வடக்கே போனால் எல்லோரும் ‘மதராஸி’தான். கேட்டு நாம் கைதட்டுகிறோம். நல்லது. ஆனால் இந்தக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகளில் நம்மோடு வேகிறவர்களை நாம் என்னவென்று அழைக்கிறோம்? ஒடிசாக்காரனும் ஹிந்திக்காரன், பீகார்க்காரனும் ஹிந்திக்காரன், வங்காளியும் ஹிந்திக்காரன்! ஒடியா மொழிக்குத் தனி எழுத்தே உண்டென்று நம்மில் எத்தனைபேருக்குத் தெரியும்? நம்மை மதராஸி என்பவனுடைய அறியாமைக்கும், இதற்கும் என்ன வித்தியாசம்? நாளைக்கு அந்த ஒடிசாத் தோழன் தன் ஊரில் மைக்கைப் பிடித்துத் தன் வாழ்க்கையைச் சொன்னால், அதில் கோமாளி வேஷம் யாருக்குக் கிடைக்கும்? நமக்குத்தான்!

இன்னொன்று. சிரிப்பென்றால் அதிகாரத்துக்கும் மதவெறிக்கும் பயம். முனாவர் பரூக்கி என்பவர் 2021 ஜனவரி 1ஆம் தேதி இந்தூரில் கைது செய்யப்பட்டார். மதத்தைப் புண்படுத்தினார் என்பது குற்றச்சாட்டு. உயர்நீதிமன்றம் ஜாமீன் மறுத்து, பிப்ரவரி 5இல் உச்சநீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுக்கும் வரையில் சிறையிலிருந்தார். ஒரு மனிதன் பேச்சினால் விழுந்துவிடக்கூடிய சாமி என்றால், அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டியது போலீசா, பக்தியா என்று பக்தர்களே யோசிக்கட்டும்.

ஆகவே, தோழர்களே! உங்கள் வாழ்க்கையையும் சொல்லுங்கள். சேரிப் பிள்ளை தண்ணீர் கேட்டுத் திரும்பிய கதை, ஒப்பந்தக் கூலியில் விரலை இழந்த கதை, பெண் பார்க்க வந்தவன் நிறம் பார்த்துப் போன கதை எல்லாவற்றையும் சொல்லுங்கள். சிரிக்கவும் வையுங்கள். சொல்லும்முன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். சிரிப்பு முடிந்தபிறகு சிறுத்துப்போனவன் யார், அவமானப்படுத்தியவனா, அவமானப்பட்டவனா? சிரிப்புக்காக எந்த உண்மையை விழுங்கினேன்? என்னைவிட எளியவன் எவனாவது என் கேலியில் அடிபட்டானா? இம்மூன்றுக்கும் யோக்கியமான பதில் இருந்தால் எந்த மேடையிலும் தலைநிமிர்ந்து நிற்கலாம்.

நான் சொன்னேன் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் அறிவைக்கொண்டு ஆராய்ந்து, சரியென்று பட்டதைக் கொள்ளுங்கள், மற்றதைத் தள்ளுங்கள்.