பக்கத்தில் ஒரு ஆள்



பட்டதாரிகளே, பட்டமளிப்பு விழாவில் அறிவுரை சொல்வார்கள். நான் உங்களுக்கு ஒரு வேலை சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன், பொறியியல் கலந்தாய்வு நேரம். இங்கே திருவண்ணாமலையில் ஒரு பிரவுசிங் சென்டரில் ஜெராக்ஸ் எடுக்க நின்றிருந்தேன். ஜவ்வாது மலை அடிவாரத்திலிருந்து ஒரு மாணவி அப்பாவோடு வந்திருந்தாள். அரசுப் பள்ளி. கட்-ஆஃப் 200க்கு 180ஐத் தாண்டியிருந்தது. "எந்தெந்தக் காலேஜ்மா போடணும்?" என்று கேட்டார் கடைக்காரர். மூன்று பெயர் சொன்னாள். மூன்றும் அவள் பஸ்ஸில் போகும்போது போர்டு பார்த்த கல்லூரிகள். "கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் போடலையாம்மா?" என்று கேட்டேன். அப்பா முந்திக்கொண்டார்: "அதெல்லாம் நமக்குக் கிடைக்காதுங்க சார்."

கிடைத்திருக்குமோ, கிடைத்திருக்காதோ. அவள் கேட்கவே இல்லை என்பதுதான் விஷயம். கலந்தாய்வில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் வரிசைப்படுத்தலாம். ஆசைப்பட்டதை முதலில் போடுவதால் அடுத்தது கைவிட்டுப் போகாது. இந்த இரண்டு வரியை அவளுக்குச் சொல்ல ஆள் இல்லை.

சட்டம் அவள் பக்கம்தான் இருந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்துக்கும், 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. அதில் பொறியியல் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் உண்டு. ஐஐடியில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குக் கீழே என்றால் கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி.

ஆனால் கதவு சின்ன இடத்தில் மாட்டிக்கொள்ளும். ஐஐடி, என்ஐடியில் ஓபிசி இடம் கேட்க, பள்ளியில் கொடுத்த சாதிச் சான்றிதழ் போதாது. மத்திய அரசுப் படிவத்தில், அந்த வருடம் ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கிய தனிச் சான்றிதழ் வேண்டும். படித்த அண்ணனோ அக்காவோ உள்ள வீட்டுக்கு இது தெரியும். முதல் தலைமுறைக்குக் கடைசி நாளில்தான் தெரியவரும்.

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் 2015இல் ஒரு காரியம் செய்தது. நன்றாகப் படிக்கும் ஏழை மாணவர்களின் வீட்டுக்குக் கடிதம் போட்டது: இடம் கிடைத்தால் நான்கு வருடமும் கல்விக் கட்டணம் கிடையாது. அவர்களில் பெரும்பாலோருக்கு அந்த உதவி ஏற்கெனவே கிடைக்கக்கூடியதுதான். முன்கூட்டியே உறுதியாகச் சொன்னது மட்டும்தான் புதிது. கடிதம் போகாத பிள்ளைகளோடு ஒப்பிட்டால், விண்ணப்பித்தவர்களும் சேர்ந்தவர்களும் இரண்டு மடங்குக்கு மேல்.

நம் ஊரில் பௌர்ணமியன்று முதல் தடவை கிரிவலம் வருபவர் யாரும் வழி கேட்பதில்லை. 14 கிலோமீட்டரும் முன்னால் ஆள் போய்க்கொண்டே இருக்கும். விண்ணப்பம் போடும் பிள்ளைக்கு முன்னால் அப்படி யாரும் போவதில்லை.

நான் சொல்ல வந்த வேலை இதுதான். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் நீங்கள் படித்த பள்ளிக்குப் போங்கள். ஒரே ஒரு பிள்ளையைப் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். இ-சேவை மையத்துக்குக் கூடப் போங்கள், சான்றிதழ்களைச் சரிபாருங்கள். கல்லூரிப் பட்டியல் போடும்போது பக்கத்தில் உட்காருங்கள். "நமக்குக் கிடைக்காது" என்று அந்த வீடு சொல்லும் பெயரை முதலில் போடச் சொல்லுங்கள். படிவத்தை அந்தப் பிள்ளையே நிரப்பட்டும்.

அன்று எனக்கு ஏதோ அவசரம். ஜெராக்ஸை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அந்த மாணவி எங்கே சேர்ந்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு மணி நேரம் போதுமானதாக இருந்திருக்கும்.

நீங்கள் கிளம்பிவிடாதீர்கள்.